நித்திலனுக்கு யார் சட்டை போட்டுவிடுவது

ஏனுங்க, இந்தச் சேருல ஆளு இருக்குதுங்களா? இல்லையா? அப்ப உக்காந்துக்கறேன். எங்க கலரை இன்னும் கூப்பிடலை. நாங்க மஞ்சக் கலருங்க. நீங்க பச்சையா? கப்பல்ல ஏறுறப்ப எல்லாரையும் ஒண்ணா ஏத்துனாங்க, எறக்கிவிடறப்ப மட்டும் கலர் கலராப் பிரிச்சு உக்கார வெக்கறாங்க. இதுல என்ன சூட்சுமமோ, இருக்கட்டும்.

நீங்க வந்ததுல இருந்து என்னைய ஓரக்கண்ணுல பாக்கறீங்க. நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன். நேத்து டின்னர்ல பெத்த பையன் சட்டையை நடு ஹால்ல வெச்சு உருவுனாளே, அவதானே இவன்னு பாக்கறீங்க. ஆமாங்க, நாந்தான். உங்க மேசை எங்களுக்கு ரெண்டு மேசை தள்ளித்தான இருந்துச்சு. உங்க பாப்பா கூட ஸ்பூனைக் கீழ போட்டுட்டு வாயைப் பொளந்து பாத்துச்சு. நீங்க தமிழ்ல, "அங்க பாக்காத, சாப்பிடு"ன்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு. தமிழ்க்காரங்க மனசுல என்னையப் பத்தி ஒரு தப்பு எண்ணம் தங்கீரக் கூடாதுன்னுதான் வந்து உக்காந்தேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கறேன். உங்களுக்குத் திருப்பூர்ப் பக்கம், தாராபுரம் பக்கம் ஒறம்பரை, சொந்தபந்தம் யாரும் இல்லையே? தஞ்சாவூரா? அப்பச் சரி. நல்லதாப் போச்சு.

எங்களுக்குத் திருப்பூருங்க. குழந்தைங்க துணி தெச்சு வெளிநாட்டுக்கு அனுப்பற கம்பெனி. எங்கூட்டுக்காரரும் அவரோட அண்ணனும் சேந்து நடத்தறாங்க. அண்ணன் சம்சாரம்தான் பூங்கோதை அக்கா, என்ற ஓரகத்தி. நேத்து அரக்குப் பட்டுல, எம்பையனை மடியில வெச்சுக்கிட்டு இருந்தாங்களே, அவங்கதான். எனக்கு ரெண்டு குழந்தைங்க. பெரியவ மிதுனா, சின்னவன் நித்திலன், அவனுக்கு நாலு வயசு. அக்காவுக்குக் குழந்தை இல்லைங்க. பாக்காத டாக்டர் இல்ல, போகாத கோயில் இல்ல. பாவந்தான், நான் இல்லைங்கலை. ஆனா பாவம் பாவம்னு பாத்துக்கிட்டே இருந்தா நம்ம மடியில இருக்கறது காணாமப் போயிருமில்லீங்க?

கெளம்பறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி எங்க மாமியார் கீரை ஆஞ்சுக்கிட்டே ஒரு வார்த்தை சொன்னாங்க. "பெரியவனுக்கும் ஒரு வாரிசு வேணுமல்லோ, ரெண்டு ஊட்டுக்கும் சேத்து ஒரே பையன்தான"ன்னு. அவ்வளவுதான். சொல்லிப்போட்டு மறுபடியும் கீரையைப் பாத்துக்கிட்டாங்க. நான் நிமுந்து பாத்தாச் சமையக்கட்டு வாசல்ல பூங்கோதை அக்கா நிக்கறாங்க. கேட்டுச்சோ கேக்கலையோ, ஒண்ணுமே சொல்லாம தண்ணி மோந்துட்டுப் போயிட்டாங்க. ஒருத்தர் ஒண்ணும் சொல்லாமப் போனா என்னங்க அர்த்தம்? மனசுல வெச்சுக்கிட்டாங்கன்னு அர்த்தம்.

அந்தச் சமயம் பாத்து மூத்தாரு, அதான் எங்கூட்டுக்காரரோட அண்ணன், "எல்லாருமாக் கப்பல்ல ஒரு டூர் போலாம்"னு ஆரம்பிச்சாரு. இத்தனை வருசத்துல ஊட்டிக்குக்கூடக் கூட்டிட்டுப் போகாத மனுசன். ஏன் கப்பலு? நல்லா ஓசிச்சுப் பாருங்க. ரயில்ல போனா நடுவுல எறங்கிக்கலாம். காருல போனாத் திருப்பிக்கலாம். கப்பல்ல ஏறிட்டா எங்க எறங்குவீங்க? எங்கூட்டுக்காரருகிட்டச் சொன்னேன். "கம்முனு இரு கோகிலா"ன்னாரு. அவருக்கு எது சொன்னாலும் கம்முனு இருதான்.

இன்னொண்ணும் சொல்லோணும், அது தெரிஞ்சாத்தான் உங்களுக்கு வெளங்கும். எங்க பெரியம்மா ஊட்டுல ஒரு பையனைத் தத்து எடுத்தாங்க, நான் சின்னப் புள்ளையா இருக்கறப்ப. எடுக்கறவ புதுத்துணி வாங்கிட்டு வந்து, தன்ற கையாலயே அந்தப் பையனுக்கு உடுத்தி, சபையில மடியில உக்கார வெச்சுக்குவா. அவ்வளவுதான் சடங்கு. மடியில உக்காந்துட்டா அப்பறம் பெத்தவளுக்குப் பேச்சே கெடையாது. அந்தப் பையனைப் பெத்தவ கூட்டத்துல நின்னுக்கிட்டு, சேலைத் தலைப்பை வாயில அமுக்கிக்கிட்டு அழுதது இன்னும் என் கண்ணுக்குள்ளயே நிக்குதுங்க. புதுத்துணி, சொந்தக் கை, மடி. இந்த மூணையும் மனசுல வெச்சுக்கங்க.

இப்பக் கேளுங்க. ஏறுன மொத நாள் பொழுதோட, டின்னருக்குக் கெளம்பறோம். குழந்தைங்களை டின்னருக்குக் கெளப்பறதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும், நீங்களும் வெச்சிருக்கறீங்க. ரூமோ கோழிக்கூண்டு. ஒருத்திக்குத் தலை சீவுனா இன்னொருத்தன் செருப்போட கட்டல்ல குதிக்கறான். கதவைத் தட்டறாங்க. தொறந்தாப் பூங்கோதை அக்கா, கையில ஒரு பை. "கோகி, நித்திக்கு ஒரு சட்டை வாங்குனேன். நானே போட்டுவிடட்டுமா?"ன்னாங்க.

நானேன்னாங்க. கவனிச்சீங்களா? குடுத்துட்டுப் போறேன்னு சொல்லலை. நானேதான்.

எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆனா மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு எப்படிச் சொல்றது? உக்காந்து போட்டுவிட்டாங்க. போட்டுவிட்ட லட்சணத்தைப் பாக்கோணுமே! எந்தக் கையை மொதல்ல விடறதுன்னு தெரியலை. தலையை மாட்டிவிட்டுட்டுக் கையைத் தேடறாங்க, அவன் உள்ளுக்குள்ள இருந்து "பெரீம்மா, இருட்டா இருக்குது"ன்னு கத்தறான். மிதுனாகிட்டக் கேக்கறாங்க, "சாமி, சாக்ஸை மொதல்ல சுருட்டிக்கோணுமா?"ன்னு. ஏழு வயசுப் புள்ளைகிட்டப் பாடம்! குழந்தைங்க துணிக் கம்பெனிக்காரர் பொண்டாட்டிங்க அவங்க. நான் நெனச்சேன், இது பூரா நடிப்பு, ஒண்ணும் தெரியாதவ மாதிரி காட்டிக்கிட்டா நாம சந்தேகப்பட மாட்டமாம்.

சாப்பாட்டுல அவன் சும்மா இருந்தானா? கழுத்துக்குப் பின்னால கையை விட்டுச் சொறிஞ்சுக்கிட்டே இருந்தான். அக்கா அதையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. மறுநாள் காலைல எங்க ரூமுக்கு வந்தவங்க, கத்திரிக்கோலை எடுத்து அவனோட எல்லாச் சட்டையிலும் கழுத்து லேபிளை நறுக் நறுக்குன்னு வெட்டிப்போட்டாங்க. எங்க கம்பெனி லேபிளுங்க! எங்க பேரு இருக்கற லேபிளு. கேட்டா, "உறுத்துதில்ல, பாவம்"ங்கறாங்க. நாலு வருசமா எனக்கு உறுத்தாதது இவங்களுக்கு ஒரே நாள்ல உறுத்துதா? பெத்தவங்க பேரே அவன் மேல இருக்கக் கூடாதுன்னு மொத வேலையா அதை அறுத்துவிட்டாச்சு. அப்படித்தான எனக்குத் தோணும்?

அன்னைக்கு அவன் சொறியலைங்க. அது வேற விசயம்.

ரெண்டாம் நாள் எல்லாரும் வெள்ளை உடுத்தோணும்னு சொல்லியிருந்தாங்க இல்ல, அன்னைக்கு நான் முந்திக்கிட்டேன். மத்தியானமே குளிக்க வெச்சு, பவுடர் அடிச்சு, ஊருல இருந்து கொண்டாந்த வெள்ளை ஷெர்வானியை மாட்டிவிட்டு, பட்டனெல்லாம் போட்டு உக்கார வெச்சுட்டேன். எங்க அண்ணன் கலியாணத்துக்கு எடுத்தது, முன்னால பூரா முத்து. இப்ப வரட்டும் பாக்கலாம்னு நானும் கட்டல்ல உக்காந்துட்டேன். வந்தாங்க. பாத்தாங்க. "அழகா இருக்கறான், ஆனா சாப்பாட்டு நேரம் வரைக்கும் இதுல இருப்பானா கோகி?"ன்னாங்க. இருப்பான்னேன். இருக்கலை. வேர்த்து ஊத்தி, முத்தைப் பிச்சு வாயில போட்டு, ஒரே அழுகை. அவங்க ரூமுல இருந்து ஒரு மெல்லிசு வெள்ளை ஜிப்பா வந்துச்சு, புள்ளையாண்டான் ஓடிப்போய்க் கையைத் தூக்கிக்கிட்டு அவங்க முன்னாடி நிக்கறான். ரெண்டு கையையும் மேல தூக்கிட்டு! எங்கிட்ட ஒரு நாள் அப்படி நின்னதில்லைங்க. நான் தொரத்திப் புடிச்சு அமுக்கித்தான் போடுவேன்.

அக்கா இந்தத் தடவை கரெக்டாப் போட்டாங்க. கையைச் சட்டைக்குள்ள விட்டு, அவன் கையைத் தேடிப் புடிச்சு வெளிய இழுத்தாங்க. ஒரே நாள்ல எப்படீங்க கத்துக்கிட்டாங்க?

எப்படின்னு நானே கண்டுபுடிச்சேன். அன்னைக்குச் சாப்பிட்டு முடிச்சுட்டு அக்காகிட்ட இருந்த மிதுனாவோட ஸ்வெட்டரை வாங்கப் போனேன். அவங்க ரூமு கதவு ஒருக்களிச்சு இருந்துச்சு. சும்மா எட்டிப் பாத்தேன். ஒட்டுக் கேக்கற பழக்கமெல்லாம் எனக்குக் கெடையாது, எட்டிப் பாத்தேன், அவ்வளவுதான். கட்டல் மேல ஒரு தலகாணி. அந்தத் தலகாணிக்கு அக்கா கவுன் மாட்டிக்கிட்டு இருக்காங்க! கண்ணை மூடிக்கிட்டு, பட்டனைத் தடவித் தடவிப் போடறாங்க. போட்டுட்டுக் கழட்டறாங்க. மறுபடி போடறாங்க. மூத்தாரு பக்கத்துல உக்காந்துக்கிட்டு, "இப்பப் பரவால்ல, இப்பப் பரவால்ல"ங்கறாரு.

சின்னக் கவுனுங்க, மூணு வயசுக் குழந்தைக்கு உண்டானது. இருவது வருசமாத் துணியைப் பாக்கறேன், தூரத்துல பாத்தாலே சைஸ் சொல்லுவேன். மிதுனாவுக்கு அது முழங்கைக்குக்கூட ஏறாது. நித்திலனோ ஆம்பளைப் பையன். அப்ப யாருக்கு அந்தக் கவுனு? ரெண்டே ரெண்டுதான் இருக்க முடியும். ஒண்ணு, மிதுனாவுக்குன்னு வேணும்னே சின்னதா வாங்கி, "அடடா பத்தலையே"ன்னு அவளை ஒதுக்கிட்டுப் பையனை மட்டும் இழுத்துக்கற திட்டம். இல்லாட்டிச் செய்வினை. தலகாணியை வெச்சு எம்பையனுக்கு ஏதோ செய்யறாங்க. மூணாவதா ஒண்ணு உங்களுக்குத் தோணுதா? எனக்குத் தோணலை.

எங்கூட்டுக்காரரை எழுப்பிச் சொன்னேன். "தலகாணிக்குக் கவுனு போட்டா உனக்கென்ன, உனக்கா போட்டாங்க? கம்முனு படு"ன்னு திரும்பிப் படுத்துக்கிட்டாரு. அவருக்கும் இதுல பங்கு இருக்குமோன்னு ஒரு சந்தேகம் வந்துச்சுங்க. சத்தியமாச் சொல்றேன், கட்டுன புருசன் மேலயே வந்துச்சு. நித்திலனை நடுவுல போட்டு, அவன் பனியனை என் விரல்ல சுத்திக்கிட்டுப் படுத்திருந்தேன்.

நேத்துத்தான் பெரிய டின்னர். கோட்டு சூட்டு போட்டு வரோணும், படிக்கட்டுல போட்டோக்காரன் நிப்பான், ஹால் பூரா மெழுகுவத்தி விளக்கு, உங்களுக்கே தெரியும். நான் மிதுனாவுக்குப் பட்டுப் பாவாடை கட்டிக்கிட்டு இருக்கறப்பவே அக்கா வந்து நித்திலனைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பாவாடை நாடாவை வாயில கடிச்சுக்கிட்டு இருந்ததால என்னால கத்தக்கூட முடியலை. திரும்பி வந்தான் பாருங்க. கறுப்புக் கோட்டு. வெள்ளைச் சட்டை. கழுத்துல வண்ணத்துப்பூச்சியாட்டம் ஒரு குட்டி போ டை, அது அரக்குப் பட்டு. அக்கா கட்டியிருந்த சேலையும் அரக்குப் பட்டு. ஒரே துணிங்க! சேலையோட வந்த ஜாக்கெட்டுத் துணியில மிச்சம் எடுத்துத் தெச்சிருக்காங்க. தாயும் பிள்ளையும் ஒரே துணியில வந்து நின்னா என்ன அர்த்தம்? எங்க பக்கம் கோயிலுக்குப் போனாக்கூட அம்மாவும் பொண்ணும்தான் அப்படி உடுத்துவாங்க.

ராஜா மாதிரி இருந்தான். அதையும் சொல்லிடறேன். எனக்கே கண்ணு பட்டுரும் போல இருந்துச்சு.

கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். சூப்பு வந்துச்சு. நான் ஒரு வாய்கூடக் குடிக்கலை. மூத்தாரு தொண்டையைச் செருமிட்டு, "எல்லாரும் ஒண்ணா இருக்கற இந்த நேரத்துல ஒரு விசயம் சொல்லோணும்"ன்னு ஆரம்பிக்கறாரு. போட்டோக்காரன் எங்க மேசைக்கு வந்து, "குழந்தையை மடியில வெச்சுக்கங்க மேடம்"னு சொல்றான். யாருகிட்டச் சொல்றான்? என்கிட்ட இல்லைங்க, அக்காகிட்ட! அவங்க சிரிச்சுக்கிட்டே நித்திலனைத் தூக்கி மடியில உக்கார வெச்சாங்க.

புதுத்துணி. சொந்தக் கை. மடி. சபையும் கூடியிருக்குது. மூத்தாரு பேச வாயைத் தொறந்துட்டாரு. நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

நான் எந்திருச்சேன். "எம்பையனை எறக்குங்க!"ன்னு கத்துனேன். அவங்க திகைச்சுப் போய்ப் பாக்கறாங்க. நான் புடுங்கி, மேசை மேலயே நிக்க வெச்சு, அந்தக் கோட்டை உருவி, போ டையைப் பிச்சு, சட்டையைக் கழட்டி அக்கா முன்னாடி விசிறிப்போட்டேன். அவன் பனியனோட நின்னுக்கிட்டு ஓன்னு அழுகறான். சூப்புக் கிண்ணம் சாஞ்சு பட்டுச்சேலை மேல பூராத் தக்காளி. "உங்களுக்கு ஆசை இருந்தாக் கடவுள்கிட்டக் கேளுங்க, என்ற வயித்துல பொறந்ததைக் களவாங்காதீங்க"ன்னு சொன்னேன். இவ்வளவும் நீங்க பாத்தீங்க. கடைசியாச் சொன்னதும் காதுல விழுந்திருக்கும்.

அதுக்கப்பறம் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அவங்க சத்தமாப் பேசலை. அக்கா எப்பவுமே சத்தமாப் பேச மாட்டாங்க.

சேலையைத் தொடைக்கக்கூட இல்லைங்க. நித்திலன் தோள் மேல துண்டைப் போத்துனாங்க மொதல்ல, ஏசி குளிருதுன்னு. அப்பறம் எங்கிட்டச் சொன்னாங்க. "கோகி, நாங்க ஒரு பாப்பாவைத் தத்து எடுக்கறோம். முறையாப் பதிஞ்சுவெச்சு ரொம்ப நாளாக் காத்திருந்தோம், இப்பத்தான் எங்க முறை வந்திருக்குது. மூணு வயசு. அடுத்த மாசம் கூட்டிட்டு வாரோம். இன்னைக்கு உங்க எல்லாருக்கும் சொல்லலாம்னுதான் இருந்தோம்"னாங்க.

பிச்ச போ டை இன்னும் என்ற கையிலயே இருக்குது.

"எனக்கு ஒரு குழந்தைக்குச் சட்டை போட்டுவிடத் தெரியாது கோகி. தூக்கி வெச்சிருக்கறேன், ஆனா ஒரு நாளும் போட்டுவிட்டதில்லையே. வந்த மொத நாளே அந்தப் புள்ளை கையை முறுக்கி அழ வெச்சுட்டா என்னைய எப்படி அம்மான்னு நம்பும்? அதான் நித்திகிட்டப் பழகிக்கிட்டேன்"னாங்க. அப்பத்தான் அவங்களுக்கு அழுகை வந்துச்சு. மூத்தாரு வேற எங்கயோ பாத்துக்கிட்டாரு. எங்கூட்டுக்காரர் என்னையப் பாத்தாரு பாருங்க ஒரு பார்வை, அதுல கம்முனு இருன்னுகூட இல்லை.

சரி, எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல? அதையும் கேட்டேன். "உங்கிட்டச் சொன்னாப் பொழுது சாயறதுக்குள்ள ஊரு பூராத் தெரிஞ்சுரும், ஊருல இருக்கற அம்மா குறுக்க வந்துருவாங்க"ன்னு மூத்தாரு சொல்றாரு. எங்கிட்டச் சொன்னாவாம்! நான் யாருகிட்டங்க போய்ச் சொல்றேன்? உங்ககிட்டச் சொல்றேன், நீங்க தஞ்சாவூரு. அது வேற.

இன்னைக்குக் காலைல பாருங்க, ஒண்ணுமே நடக்காத மாதிரி அக்கா வந்து எங்கிட்டக் கேக்கறாங்க. "பயந்த குழந்தைக்கு முன்னாடி பட்டன் வெச்சது நல்லதா, பின்னாடி பட்டன் நல்லதா கோகி?"ன்னு. முன்னாடிதான்னேன். பின்னாடி பட்டன்னாக் குழந்தையைத் திருப்பி நிறுத்தோணும், அதுக்கு நம்ம மூஞ்சி தெரியாது, புது எடத்துல பயந்துக்கும்னேன். தலையாட்டிக் கேட்டுக்கிட்டாங்க. என்ற கையைப் புடிச்சுக்கிட்டாங்க. நானும் உருவிக்கலை. ஆனாப் போன பொறகு ஓசிச்சேன், இத்தனை ஏச்சு வாங்கிட்டு எங்கிட்டயே ஏன் வந்து கேக்கறாங்க? இதுக்குப் பின்னால என்ன இருக்குது?

நானும் மன்னிப்புக் கேக்கலைன்னு இல்லைங்க. நேத்தே கேட்டேன். "நித்தியைத்தான் எடுத்துக்கப் போறீங்கன்னு நெனச்சுட்டேன்க்கா"ன்னேன். அதுக்கு அவங்க என்ற தலையைத் தடவி, ஆறுதலாத்தான், ரொம்ப ஆறுதலாத்தான் சொன்னாங்க: "ஐயோ கோகி, உங்கிட்ட நித்தியைக் கேக்கோணும்னு எங்களுக்கு ஒரு நாளும் தோணுனதே இல்லை"ன்னு.

அதைச் சொல்லத்தாங்க உங்ககிட்ட வந்து உக்காந்தேன். சட்டையை உருவுனதெல்லாம் இருக்கட்டும். நேத்துல இருந்து எனக்குத் தூக்கமே இல்லை. ஒரு நாளும் தோணலையாமே? அதோ பாருங்க, சன்னலோரமா மிதுனாகூட நிக்கறானே, அவன்தான். சுருட்டை முடி, கன்னத்துல குழி. அவங்க கண்ணு முன்னாடியே பொறந்து, அவங்க கையில தூங்கி வளந்த புள்ளை. ஊட்டுலயே இப்படி ஒருத்தன் இருக்கறப்ப, ஊரு பேரு தெரியாத குழந்தைக்குக் காத்துக் கெடந்திருக்காங்க. எம்பையனுக்கு என்னங்க கொறைச்சல்?

அதோ, மஞ்சக் கலரைக் கூப்பிடறாங்க. நான் வாரேங்க. நான் குடுத்திருக்க மாட்டேன், தலைகீழா நின்னிருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன். ஆனா ஒரு பேச்சுக்காவது கேட்டிருக்கோணுமா இல்லைங்களா?